கருவுருவ ஓவியமும் மெய்ப்பாடும்

பண்டைக் கிரேக்கர் மட்கலங்களில் தீட்டிய கருவுருவ ஓவியத்தைப் பின்னெழுந்த செவ்வுருவ ஓவியத்திற்கு ஒரு படியென்றே கருதுவார் உளர். நிழல் போன்ற கரிய உருவில் உள்ளத்து உணர்ச்சியைக் காட்டல் அரிது என்பது அவர் கூற்று. அது பொருந்துமா என்பதை, கி.மு. 540ஐ ஒட்டி ஏதென்சில் விளங்கிய எக்சீக்கியாசு என்னும் கலைஞனின் இரு கலங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் இக்கலையின் இயல்பை அறிதல் வேண்டும். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கொரிந்து நகரில் உருப்பெற்று, ஏதென்சில் சிறப்புற்றது இது. இரும்புச் சத்து மிக்க களிமண்ணின் நுண்குழம்பால் உருவங்களைத் தீட்டிக் கூரிய கருவியால் உட்கோடுகளைக் கீறுவர். வெண்மையும் கருஞ்செம்மையும் சிறிதே சேர்ப்பர். சூளையில் காற்றை விட்டும், தடுத்தும், மீண்டும் விட்டும் சுட, உருவம் கருமையும் நிலம் செம்மையும் பெறும். ஆகவே, கீறலும் உடல்நிலையும் இடைவெளியுமே ஓவியனுக்கு வாய்த்த மொழி எனலாம்.

வத்திக்கான் அருங்காட்சியகத்துக் கலத்தில் அகில்லீசும் அயாசும் எதிரெதிர் அமர்ந்து காயாடுகின்றனர். ஓமரின் காப்பியங்களில் இக்காட்சி இல்லை. ஈட்டிகளைக் கைவிடாது இருவரும் பலகைமேல் குனிந்துள்ளனர். அகில்லீசின் வாயருகே 'நான்கு' என்றும், அயாசின் வாயருகே 'மூன்று' என்றும் கிரேக்கச் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆட்டத்தில் வெல்பவன் அகில்லீசு; போரில் முன்னர் மடிபவனும் அவனே. அவன் உடலைச் சுமந்து மீட்பவன் அயாசு என்பது கதை.

கதையறியாதார்க்கு இது வெறும் ஆட்டமே அன்றோ எனின், அத்தடையில் உண்மை உண்டு. அதற்கு விடை, பிரான்சு நாட்டுப் பூலோன் நகரிலுள்ள மற்றொரு கலத்தில் கிடைக்கின்றது. அகில்லீசின் படைக்கலன்கள் ஒதீசியசுக்கு வழங்கப்பட்டமையால் மானம் அழிந்த அயாசு தற்கொலை புரிகின்றான். கொரிந்தியக் கலைஞர் வாள்மேல் வீழ்ந்து கிடக்கும் உடலைத் தீட்டினர். எக்சீக்கியாசோ அதற்கு முந்திய கணத்தைத் தேர்ந்தான். அயாசு தனியனாய்க் குந்தி, வாளின் பிடியை மண்ணில் ஊன்றி, அதனைச் சுற்றி மண்ணை அணைக்கின்றான். ஒருபால் ஒரு பனைமரம். மறுபால் அவன் களைந்த தலைச்சீராவும் கேடயமும். நெற்றியில் கீறிய சில கோடுகளே அவன் துயரைச் சுட்டுகின்றன. குருதி இல்லை, புலம்பல் இல்லை, உழவன் நாற்று நடுவது போன்ற கருத்தூன்றிய செயலே உண்டு. அவ்வமைதியே அவலத்தை மிகுவிக்கின்றது. கதையறியாதாரும் இதனைக் கண்டு வாளாதிரார்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் வளர்ந்த செவ்வுருவ முறை, தூரிகைக் கோட்டின் நெகிழ்ச்சியால் தசையையும் உடற்றிருப்பத்தையும் காட்டியது. அவ்வாக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆயின் கருவியின் பெருக்கம் வேறு, கலையின் ஆழம் வேறு. பின்வந்ததன் அளவுகோலால் முன்னதை அளப்பது திறனாய்வு ஆகாது. தனக்குள்ள எல்லைக்குள் ஒரு கலை எதனைச் சொல்லிற்று, எதனைச் சொல்லாது உணர்த்திற்று என்று காண்பதே அதனை அளக்கும் நெறியாம். அந்நெறியில் நோக்குவார்க்கு எக்சீக்கியாசின் கலங்கள் படியல்ல. முடிவிடமே என்பது புலனாகும்.