காட்சிக்கு வைப்பது எதற்கு?

"கலை வரலாறு படித்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்போர் நம்மிடையே பலர். சென்ற ஆண்டு வரை நானும் அவர்களுள் ஒருவன். ஆறாம் படிவத் தேர்வு எழுதி முடித்த என் பழைய மாணவி ஒருத்தி வீட்டிற்கு வந்தாள். "ஐயா, பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு எடுக்கலாமென்று இருக்கிறேன். உங்களைக் கேட்டுவிட்டு வரும்படி அப்பா சொன்னார்" என்றாள். "கணக்கியல் எடு அம்மா; மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் மறுத்து ஒன்றும் பேசவில்லை. அவள் சென்ற பின்னர், அறியாத ஒரு துறையைப் பற்றி அறிந்தவன் போல் பேசிவிட்டோமே என்ற உறுத்தல் என்னை விடவில்லை. அவ்வுறுத்தலோடுதான் ஆனந்த குமாரசுவாமி 1943இல் வெளியிட்ட ஒரு சிறு நூலை மீண்டும் கையிலெடுத்தேன். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்கு என்னும் வினாவே அந்நூலின் பெயர்.

நூலை ஆராயுமுன் நூலாசிரியர் வந்த வழியை நோக்குவோம். ஈழத் தமிழராகிய சர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலேய அன்னைக்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர் அவர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் அவர் பயின்றது கலை அன்று, நிலவியலும் தாவரவியலுமே. இலங்கையின் கனிமங்களை ஆராயும் பணியை ஏற்று ஊர் ஊராகத் திரிந்தபோது, பாறைகளைத் தேடிய கண்ணில் கைவினைஞர் பட்டனர். அதன் பயனாக விளைந்ததே இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியான பெருநூல். 1917இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலைக் காட்சியகத்தில் சேர்ந்து, 1947இல் மறையும்வரை முப்பதாண்டுகள் அங்கேயே பணியாற்றினார். அக்காட்சியகத்தின் இந்தியத் தொகுதிகளுக்கு அவர் எழுதிய விவரப் பட்டியல் 1923 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு பற்றிய அவருடைய நூல் 1927இல் வந்தது. பாறையைப் பகுத்தாராய்ந்த பழக்கமே படிமத்தை ஆராயவும் கைகொடுத்தது எனலாம். பொருளை முதலில் உற்று நோக்கு, அளந்து எழுது, பிறகு பேசு என்பதே அப்பழக்கம்.

இனி, நூலின் கருத்துக்கு வருவோம். காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எந்தப் பழம்பொருளும் கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்யப்பட்டதன்று என்கிறார் குமாரசுவாமி. கிண்ணம் உண்பதற்கு, ஆடை உடுத்துவதற்கு, படிமம் வழிபடுவதற்கு. பயன் வேறு, அழகு வேறு எனப் பிரிப்பது இக்காலத்தார் செய்த பிழை. ஆகவே காட்சியகத்தின் கடமை மகிழ்விப்பதன்று, கற்பிப்பதே. ஒரு பொருளைச் செய்தவன் எதை எண்ணிச் செய்தான், யார் பயன்படுத்தினர், எதற்காகப் பயன்படுத்தினர் என்பன தெரியாதவரை, 'அழகாயிருக்கிறது' என்று சொல்வது அறிவாகாது. நூலின் நடு நரம்பு இதுவே.

இக்கருத்து எத்துணை உண்மை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கெடா மாநிலத்து பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பகாட் என்னும் இடத்துக் கோயிலைக் குவாரிச் வேல்ஸ் 1930களில் அகழ்ந்தார். அலஸ்டர் லேம்ப் முதலியோர் முயற்சியால் 1960இல் அது மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டது. (நம் ஜொகூரிலும் அப்பெயருடைய ஊர் உண்டு, இரண்டும் வேறு.) அப்பணியின்போது அடித்தளத்திலிருந்து சிறு கற்பேழைகள் கிடைத்தன. குழிகள் குடைந்த அப்பேழைகளில் உலோகத் துண்டுகளும் மணிக்கற்களும் இருந்தன. ஒன்றும் அறியாதவன் காணின், யாரோ புதைத்த செல்வம் என்பான். கோயில் எழுப்பும்போது நிலத்தினுள் வித்திடுவது போலப் பொன்னும் மணியும் இடும் மரபை அறிந்தவன் காணின், கட்டடத்திற்கு உயிரூட்டிய சடங்கைக் காண்பான். கல் ஒன்றே, காட்சி இரண்டு. இரண்டாவது காட்சியைத் தருவதே கலை வரலாற்றுக் கல்வி.

ஆயினும் குமாரசுவாமியின் கூற்று முழுவதையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. இரண்டு இடங்களில் நான் மாறுபடுகிறேன்.

முதலாவது, மகிழ்ச்சியை அவர் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார். எங்கள் பள்ளியில் அண்மையில் ஒரு மூலையை ஒழித்து, தோட்டத்துப் பழம்பொருள்கள் சிலவற்றை வைத்தோம்: பால்வெட்டும் உளி, மங்கு, வாளி, காண்டாக் கம்பு. செம்பனை மரங்களுக்கிடையே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இவை யாவும் புதியன. முதலில் அவர்கள் செய்தது என்ன? கம்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சிரித்ததுதான். அச்சிரிப்பின் பின்னர்தான் வினா வந்தது. "பால் சுமக்கும் கம்பு" என்று நான் ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். பேரனை அழைத்துச் செல்ல வந்த மூதாட்டி ஒருவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "பால் மட்டுமா வாத்தியாரே? விடியற்காலை தண்ணி, அப்புறம் பாலு, சாயங்காலம் விறகு. நடுவில் தேஞ்சிருக்கு பாருங்க, அது தோள் பட்ட இடம்" என்றார். பலமுறை பார்த்த கம்பில் அத்தேய்வை நான் ஒருமுறையும் கண்டதில்லை. பயனை அறிந்தாலன்றிப் பொருளை அறியமுடியாது என்னும் குமாரசுவாமியின் கருத்து அன்று எனக்கு விளங்கியது. ஆனால் பிள்ளைகளின் சிரிப்பு இல்லையேல் அம்மூதாட்டியின் சொல்லைக் கேட்க அங்கு ஒருவரும் கூடியிருக்கமாட்டார். மகிழ்ச்சி கல்வியின் பகைவன் அன்று, அதன் முதற்படி.

இரண்டாவது, வழிவழியாக ஒரு தொழிலையே செய்துவந்த பழைய கைவினைஞர் சமுதாயத்தை அவர் பெரிதும் போற்றுகிறார். தந்தையின் தொழில் மகனுக்கு என்னும் ஒழுங்கில் கலை செழித்தது என்பது அவர் துணிபு. செழித்திருக்கலாம். ஆனால் அவ்வொழுங்கில் யார் மேலிருந்தார், யார் கீழிருந்தார், யார் கோயிலுக்குள் நுழைந்தார், யார் வெளியே நின்றார் என்னும் வினாக்களை அவர் போதிய அளவு எழுப்பவில்லை. தந்தை பால் வெட்டினார், மகனும் பால் வெட்டினான் என்பது தோட்டத்தில் நாம் கண்ட 'ஒழுங்கு'. அதை உடைத்துக்கொண்டு வெளியே வரத்தானே தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறோம்! காண்டாக் கம்பைப் பாதுகாப்போம்; அதைச் சுமக்கும் கட்டாயத்தைப் பாதுகாக்க வேண்டா. இவ்விரண்டையும் பிரித்தறியும் வரலாற்றுணர்வே நம் மாணவர்க்கு வேண்டுவது.

இக்குறைகளைச் சொன்னதனால் நூல் சிறுமையுறாது. அது எழுப்பிய வினா இன்று நமக்கு மிகவும் தேவையானது. 2013இல் அதே பூஜாங் பள்ளத்தாக்கில், பதினோராம் எண்ணிட்டு அறியப்பட்ட கோயிற் சிதைவு, நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. அரசிதழில் மரபிடமாக அறிவிக்கப்படாத நிலம் அது. செய்தி வெளிவந்தபோது நாடெங்கும் வருத்தம் எழுந்தது. வருந்தியவருள் நானும் ஒருவன். ஆனால் இடிவதற்கு முந்திய ஆண்டுகளில் அதைப் போய்ப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? பட்டியலில் ஏறாத பொருள் பாதுகாப்பற்ற பொருள். பட்டியல் எழுதக் கற்றவர் நம்முள் வேண்டும்.

அக்கல்வி எங்கே கிடைக்கும்? நூலும் விரிவுரையும் மட்டும் போதா. 1920களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பால் சாக்ஸ் காட்சியகப் பணிக்கென்றே ஒரு வகுப்பு நடத்தினார். மாணவர் பொருள்களைக் கையிலெடுத்து ஆராய்ந்தனர். நம் பக்கத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1955இல் ஒரு கலைக்காட்சியகம் அமைந்தது. அதன் காப்பாளரான மைக்கேல் சல்லிவனே கலை வரலாற்றையும் கற்பித்தார். பின்னர்ப் பல்கலைக்கழகம் இரண்டானபோது தொகுதியும் பிரிந்தது. கோலாலம்பூரில் ஆசியக் கலைக் காட்சியகம் 1974இல் உருவாயிற்று. வகுப்பறையும் காட்சியறையும் அடுத்தடுத்து இருக்கவேண்டும் என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம்.

இத்துறையை நாடும் மாணவர் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, தமிழும் மலாயும் ஆங்கிலமும் பிழையறக் கற்றல். கல்வெட்டு எழுத்தும் வடமொழியும் அறிந்தால் மேலும் நன்று. இரண்டாவது, விடுமுறையில் ஏதேனும் ஒரு காட்சியகத்தை அணுகி, ஊதியம் கருதாது துடைத்தல், அளத்தல், அட்டை எழுதுதல் ஆகிய சிறு பணிகளைச் செய்து பழகுதல். மூன்றாவது, ஊரிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதுதல். வேலைவாய்ப்பு குறைவு என்பதை மறைக்கவேண்டா. பெற்றோரிடம் உள்ளதை உள்ளவாறே சொல்லவேண்டும். ஆனால் குறைவான வேலைக்கும் தகுதியுடையோர் நம்மில் இல்லையேல், நம் பொருள்களுக்கான அட்டையைப் பிறரே எழுதுவர். தோள் பட்ட தேய்வை அவர்கள் காணார்.

அம்மாணவியின் தந்தையைச் சென்ற மாதம் நேரில் சென்று கண்டேன். "அன்று நான் சொன்னது அவசரப் பேச்சு" என்றேன். கணக்கியல் வகுப்பில் அவள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டாள் என்றார் அவர். விடுமுறையில் காட்சியகப் பணிக்கு அனுப்ப மட்டும் இசைந்தார். ஆசிரியர் வாய்ச்சொல் ஒன்று ஒரு பிள்ளையின் ஆண்டுகளைத் திருப்பிவிடக்கூடும். ஆதலின், அறியாத துறையைப் பற்றி மாணவர் நம்மிடம் கேட்கும்போது, "சோறு கிடைக்குமா?" என்று திருப்பிக் கேட்குமுன், அத்துறையில் ஒரு நூலையேனும் படித்துவிட்டு விடை சொல்லுதல் நம் கடமையாகும்.