சிஸ்டம் கால் தடங்காணல்: மரபுகளும் தகுதிகளும்

எந்த நிரலும் தானாகக் கோப்பைத் திறப்பதில்லை, வட்டில் எழுதுவதில்லை. எல்லாவற்றையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்டே வாங்குகிறது. அந்தக் கேட்புதான் சிஸ்டம் கால். நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், பகாவ் தோட்டப் பள்ளிகளில் படித்து, இன்று சிரம்பானிலும் சைபர்ஜெயாவிலும் சர்வர் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்காக, அதைப் பதிவுசெய்யும் கருவிகளின் வழிமுறைகளை எழுதுகிறேன்.

யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் வழியில் ரோஜர் ஃபால்க்னரின் ‘ட்ரஸ்’ வந்தது. பெர்க்லி வழியில் வந்த ‘கேட்ரேஸ்’ பதிவைக் கோப்பில் சேர்த்துவைக்கும். ‘கேடம்ப்’ கொண்டு பிறகு படிக்க வேண்டும். சன்ஓஎஸ்ஸுக்காக 1991-இல் பால் கிரானன்பர்க் ‘எஸ்ட்ரேஸ்’ எழுதினார். பிராங்கோ லங்கெஸ்டர் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 1993-இல் ரிக் ஸ்லாட்கி இந்த இரு வடிவங்களையும் இணைத்து, ட்ரஸின் சிறப்புகளையும் சேர்த்தார்.

கற்பவர் எஸ்ட்ரேஸிலிருந்தே தொடங்கட்டும் என்பேன். காரணம் சொல்லாமல் நின்றுபோன நிரலை அதன்கீழ் ஓட்டினால், எந்தப் பாதையில் எந்தக் கோப்பைத் தேடியது என்பதும், வரியின் கடைசியில் ‘= -1’ என்ற விடையும், அப்படியொரு கோப்பே இல்லை என்ற விளக்கமும் கண்முன் வரும். நிரல் மறைத்ததை இவ்வளவு தெளிவாகப் படித்துக்காட்டும் கருவி வேறில்லை.

ஆனால் இது வேகத்தைக் கெடுக்கும். எஸ்ட்ரேஸ் பயன்படுத்தும் ‘பிட்ரேஸ்’ என்ற கெர்னல் வசதியின் வழியில், கெர்னலுக்குள் போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் நிரல் நிறுத்தப்படுகிறது. செக்ரோல் போடும் கிராணி மரத்துக்கு மரம் ஆளை நிறுத்திப் பெயர் கேட்டால் பால்வெட்டு எப்போது முடியும்? காண்ட்ரில், ஷாபிரோ, லெவந்தால் மூவரும் சன் நிறுவனத்தில் உருவாக்கி, 2005-இல் சோலாரிஸ் 10-உடன் வந்த ‘டிட்ரேஸ்’ கெர்னலுக்குள்ளேயே கணக்கெடுத்தது. லினக்ஸில் ‘இபிபிஎஃப்’ என்ற கெர்னல் வசதியும் அதே வழி. பளு மிகுந்தால் இவை சில பதிவுகளை விட்டுவிடும், விட்டதை அறிவித்தும்விடும். அந்த நேர்மையும் ஒரு தகுதிதான்.

நம் எழுத்துக்கு எஸ்ட்ரேஸ் இன்னும் நியாயம் செய்யவில்லை. ‘லாபு’ என்று கோப்புக்குப் பெயரிட்டால் \340\256\262 என்று தொடங்கும் 12 பைட் எண்களே தெரியும். கோப்புப் பெயராவது முழுதாக வரும். எழுதப்படும் உள்ளடக்கமோ இயல்பாக 32 பைட்டில் அறுபடும். ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் என்பதால், பதினோராவது குறியீடு பாதியில் நிற்கும். ‘-எஸ்’ தெரிவால் நீளத்தைக் கூட்டலாம். எழுத்தை எழுத்தாகவே காட்டும் திருத்தம் வேண்டும். எஸ்ட்ரேஸ் திறந்த மூல மென்பொருள். அந்தத் திருத்தத்தை எழுதி அனுப்ப நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் முன்வர வேண்டும்.