நிலவா, அழுக்கா?

பகல் காட்சியில் வானம் பழுப்பேறிக் கிடந்தால் வார்னிஷ் மஞ்சளித்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நிலாக் காட்சியில் அது நடக்காது. இந்த இருட்டு ஓவியர் பூசியதா, காலம் பூசியதா? பழைய நிலாப்படத்துக்கு விலை மதிக்க உட்காருகிறவரின் பாதி வேலை இந்தக் கேள்விதான்.

17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் ஆற்றோரக் கிராமங்களை நிலவொளியில் தீட்டியே பெயரெடுத்தவர் ஆர்ட் வான் டெர் நேர். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள, பாலத்தோடு கூடிய அவரது நிலாக் காட்சியைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அடியில் இளஞ்சிவப்பும் பொன்னும் நீலமும், மேலே கரும்பூச்சு. அந்தக் கருப்பை அங்கங்கே சுரண்டி அடிவண்ணத்தை எட்டிப்பார்க்க விட்டிருக்கிறார். மேகங்கள் ஒளிர்வது அதனால்தான். பூச்சு மெல்லியது என்பதால், சுத்தம் செய்கிறேன் என்று அழுத்தித் துடைத்தால் இரவே கழன்று வந்துவிடும். என்னைக் கேட்டால், துடைத்துப் பளபளப்பாக்கிய நேரைவிட அழுக்கான நேர் மேல். அழுக்கை நாளைக்கும் எடுக்கலாம். அவர் காலத்தில் அவருக்கு விலையே இல்லை என்பது வேறு கதை: மதுக்கடை நடத்திப் பார்த்தார், 1662இல் திவாலானார்.

1677இல் இறந்த நேர் பிரஷ்யன் நீலம் என்ற நிறமியைத் தொட்டிருக்க முடியாது. அது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிறந்தது. அதற்காக, அவர் பெயரிலுள்ள படத்தில் அந்த நீலம் கிடைத்ததுமே போலி என்று சொல்லிவிடக் கூடாது. பழுது பார்த்தவர் பின்னாளில் ஒட்டுப்போட்ட நீலமாகவும் இருக்கலாம். எந்த அடுக்கில் கிடைத்தது என்பதே முக்கியம்.

சில இருட்டு காலம் பூசியதுதான். ஓவியர் ஆர்ஹிப் குயின்ஜி 1880இல் தன் தினீப்பர் ஆற்று நிலாவைப் பீட்டர்ஸ்பர்கில் இருட்டறையில், விளக்கு வெளிச்சத்தில், தனிப் படமாக வைத்தார். படத்துக்குப் பின்னால் விளக்கு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் தேடினார்களாம். அவர் வண்ணத்தில் கலந்த நிலக்கீல் பிற்பாடு கறுத்துவிட்டது; அன்று கூட்டம் கண்ட ஒளி இன்று முழுதாக இல்லை.

எல்லோரையும் திணறடிப்பவர் அமெரிக்கரான ரால்ஃப் பிளேக்லாக். 1916இல் அவருடைய நிலவொளி ஓடை 20,000 டாலருக்கு ஏலம் போனபோது அவர் மனநல மருத்துவமனையில் இருந்தார். விலை ஏற ஏறப் போலிகளும் பெருகின. மகள் மரியன் வரைந்த படங்களில்கூட அப்பாவின் கையெழுத்தைப் போட்டு விற்றார்கள். நெப்ராஸ்காவில் கலை ஆய்வாளர் நார்மன் கெஸ்கே பிளேக்லாக் பெயரில் உலவிய படங்களைத் திரட்டித் தரம் பிரித்தார். புரூக்ஹேவன் ஆய்வகத்தின் அணு உலையில் அந்தப் படங்களில் சிலவற்றை நியூட்ரான் கதிரில் வைத்தார்கள். ஒவ்வொரு நிறமியும் ஒவ்வொரு வேகத்தில் கதிர் உமிழ்ந்து அடங்கும். நாள் விட்டு நாள் ஃபிலிம் மாற்றினால் அடியில் கை ஓடிய தடம் பதியும்.

அணு உலை எல்லோருக்கும் வாய்க்காது. பூதக்கண்ணாடி போதும், கையெழுத்தின் மேல் பிடியுங்கள். எழுத்து வெடிப்போடு சேர்ந்து உடைந்திருக்கிறதா, அல்லது அதன் வண்ணம் வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால், படம் வெடித்த பிறகுதான் யாரோ பெயர் எழுதியிருக்கிறார்கள்.