சதவீதம் பார்த்துப் பிடிக்கும் பாடம்

ஜூலையில் ஏபி (Advanced Placement) எனப்படும் கல்லூரி நிலைத் தேர்வுகளின் மதிப்பெண்கள் வெளியானதும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. பள்ளியில் அந்த வகுப்பே எடுக்காமல், வீட்டில் தானே படித்து எழுதிவிடக்கூடிய தேர்வு எது? அங்குள்ள தமிழ்ப் பெற்றோரும் இந்தக் கணக்கில் சளைத்தவர்கள் அல்லர். பெரும்பாலும் சொல்லப்படும் விடை: உளவியல், மானிடப் புவியியல், சுற்றுச்சூழல் அறிவியல். வழிகாட்டி நூல் மெல்லியது, கணக்கு குறைவு, மார்ச்சில் புத்தகத்தைத் திறந்தாலும் மே மாதத் தேர்வுக்குள் முடித்துவிடலாம். இதற்குத் தன்முனைப்பு என்று பெயரும் சூட்டியாகிவிட்டது.

தானே படிப்பதில் குற்றமில்லை. ஏபி வகுப்புகள் நடக்காத சிற்றூர்ப் பள்ளி மாணவருக்கு வேறு வழி ஏது? 2025இல் ஒரு தேர்வுக்குக் கட்டணம் 99 டாலர்; கல்லூரியில் அதே பாடத்துக்கு ஆகும் செலவின் முன் அது சில்லறை. இல்லினாய் மாநிலத்தில் 5க்கு 3 எடுத்தாலே அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் (அந்தப் பாடத்தைக் கல்லூரியில் முடித்ததற்கான கணக்கு) தந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

கோளாறு, தேர்ச்சிச் சதவீதத்தைப் பார்த்துப் பாடத்தைப் பிடிக்கும் முறையில் இருக்கிறது. அந்தச் சதவீதம் பாடத்தைப் பற்றிச் சொல்வதைவிட, எழுத வந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. 2023இல் கால்குலஸ் பிசி (BC) எழுதியவர்களில் பத்துக்கு நால்வருக்கும் மேல் 5 வாங்கினார்கள். பாடம் எளிது என்பதாலா? கணிதத்தில் கெட்டிக்காரர்கள்தாம் அந்த வகுப்புவரை வந்து சேர்கிறார்கள். சீன மொழித் தேர்வில் பாதிப்பேருக்கு 5 கிடைக்கிறது. அவர்களில் வீட்டில் சீனம் பேசி வளர்ந்தவர்கள் ஏராளம். ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டே அவர்களை நீக்கிவிட்டுத் தனியாக ஒரு கணக்கும் வெளியிடுகிறது. (ஏபியில் தமிழ் இல்லை, அந்த அனுகூலம் நம் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை.) ‘எளிது’ எனப்படும் சுற்றுச்சூழல் அறிவியலில் அதே 2023இல் 5 வாங்கியவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. எளிது என்று பேர் பரவியதால் ஆயத்தமில்லாதவர்களும் வந்து குவிகிறார்கள். மானிடப் புவியியலை எழுதுவோரில் பெரும்பகுதி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்.

சரி, சதவீதத்தை விட்டுவிடுவோம். எளிய பாடம் என்பதன் உண்மையான பொருள், கலைச்சொற்களை உருப்போட்டால் ஒப்பேற்றிவிடலாம் என்பதே. அப்படிப் படித்தது எத்தனை நாள் தங்கும்? டார்ட்மவுத் கல்லூரியின் உளவியல் துறை, ஏபி உளவியலில் 5 வாங்கி வந்த மாணவர்களுக்குத் தன் அறிமுகப் பாடத்தின் இறுதித் தேர்வைச் சுருக்கி வைத்துப் பார்த்தது. பத்தில் ஒன்பது பேர் தேறவில்லை. 2014இல் சேர்ந்தவர்கள் முதல் ஏபிக்குக் கிரெடிட் தருவதையே அந்தக் கல்லூரி நிறுத்திவிட்டது. காலேஜ் போர்டு அந்தச் சோதனையை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அன்று தோற்றவர்களில் பெரும்பாலோர் ஓர் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களாகவே இருந்திருப்பார்கள். எட்டு வாரத்தில் மனப்பாட அட்டைகளைப் புரட்டியவரிடம் என்ன மிஞ்சும்? சுற்றுச்சூழல் அறிவியல் இன்னும் மோசம்: ஆய்வகமும் களப்பணியும் சேர்ந்த பாடம் அது. ஓடை நீரைச் சோதித்தே பார்க்காதவர், சோதனையை எப்படி வடிவமைப்பது என்ற கேள்விக்கு மனப்பாடத்திலிருந்து விடை எழுதுகிறார். அந்த விடையைத் திருத்தித் தர ஆசிரியரும் இல்லை.

கல்லூரிச் சேர்க்கையில் மெச்சுவார்களே என்பார்கள். பள்ளிச் சான்றிதழில் ‘ஏபி’ என்று போட, காலேஜ் போர்டின் தணிக்கையில் ஒப்புதல் பெற்ற வகுப்பு வேண்டும். 2007 முதல் இதுவே நடைமுறை. வீட்டில் படித்தவருக்கு அந்த வரி வராது. மிஞ்சுவது ஒரு மதிப்பெண். வகுப்பில் பட்ட பாட்டைச் சொல்ல யாருமில்லாத வெறும் எண்ணை யார் எவ்வளவு மதிப்பார்கள்?

ஏற்கெனவே படிக்கும் பாடத்தை ஒட்டி இன்னொன்றைப் பிடிப்பவர்களுக்கு நிலைமை வேறு. பள்ளியில் மேக்ரோ பொருளியல் படிப்பவர் மைக்ரோவைத் தானே படிக்கலாம். கால்குலஸ் AB வகுப்பில் இருப்பவர் முடிவிலித் தொடர்களையும் துருவ ஆயங்களையும் கூடுதலாகப் படித்து பிசி எழுதலாம். அந்தத் தேர்வு AB பகுதிக்குத் தனி மதிப்பெண்ணும் தருவதால், சறுக்கினாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பொறியியல் வகுப்பில் முதல் வாரமே அது கைகொடுக்கும். ஆனால் கைமாறிக்கொண்டே இருக்கும் ‘எளிய ஏபி’ பட்டியல்களில் பிசிக்கு இடம் கிடைப்பது அபூர்வம்.