மேய்ப்பன் மரத்தை ரசிப்பது எப்படி?

ஆப்பிரிக்க மரம் என்றதும் பருத்த பெருக்கமரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கலகாரி மணல்வெளிக்குப் போகிறவர்கள் இன்னொரு மரத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலும் ஏழு மீட்டருக்குள் நின்றுவிடும் அந்தக் குட்டை மரத்தின் பெயர் மேய்ப்பன் மரம். தாவரவியலில் போசியா அல்பிட்ரங்கா.

எப்போது பார்ப்பது?
மழைக்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரில் பாருங்கள். சுற்றிலும் பல மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். இது மட்டும் பச்சைக்குடை விரித்திருக்கும். என்றும் பசுமையான மரம் என்பதன் பொருள் அப்போதுதான் விளங்கும்.

தூரத்திலிருந்து
முதலில் குடையின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். கத்தரித்ததுபோல் நேர்க்கோடாக இருக்கும். கத்தரித்தவை மான்களும் ஆடுகளும் ஒட்டகச்சிவிங்கிகளும். வறண்ட காலத்தில் அவற்றுக்குச் சத்துள்ள தீவனம் இந்த இலைதான். கழுத்து எட்டும் உயரம்வரை மேய்ந்துவிடுகின்றன.

அருகில் போய்
தண்டு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். 'அல்பிட்ரங்கா' என்றாலே வெள்ளைத் தண்டு என்றுதான் பொருள். இலையைத் தொட்டுப் பாருங்கள்: சிறியது, ஒடுங்கியது, தோல்போல் விறைப்பானது. சாம்பல் கலந்த பச்சை. நடுநரம்பு மட்டுமே தெளிவாகத் தெரியும். நீரை எளிதில் இழக்காத இலை இப்படித்தான் இருக்கும்.

பூத்திருந்தால் இதழ்களைத் தேடாதீர்கள். இந்தப் பூவுக்கு இதழே கிடையாது. மஞ்சள் கலந்த பச்சையில், நட்சத்திரம்போலக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தாள்களைப் பார்த்தால் நம் ஊர் வேலியில் படரும் ஆதொண்டை நினைவுக்கு வரலாம். அதில் வியப்பில்லை, இரண்டும் ஒரே குடும்பம். 1822இல் இதை முதலில் விவரித்த வில்லியம் பர்ச்செல், ஆதொண்டையின் பேரினமான கப்பாரிஸில்தான் சேர்த்திருந்தார்.

கண்ணுக்குத் தெரியாத பாதி
இனி நிழலில் உட்காருங்கள். வெயிலில் கால் வைக்க முடியாத மணல் இங்கே தணிந்திருக்கும். சிங்கமும் இந்த நிழலைத் தேடி வரும் என்பதால், உட்காருமுன் சுற்றிப் பார்த்துக்கொள்வது அவசியம்.

இப்போது காலடியைப் பாருங்கள். போட்ஸ்வானாவின் மத்திய கலகாரியில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது 68 மீட்டர் ஆழத்தில் இந்த மரத்தின் வேர் கிடைத்தது. மரத்தின் உயரத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு! உலகில் பதிவான மிக ஆழமான வேர்களில் அதுவும் ஒன்று. இலையின் பச்சைக்கும் நிழலின் குளிர்ச்சிக்கும் காரணம் அந்த ஆழத்தில் இருக்கிறது.

அந்த வேரை வறுத்துப் பொடித்துக் காப்பிக்குப் பதிலாகக் குடித்தவர்கள் உண்டு. இடித்துக் கஞ்சி காய்ச்சியவர்களும் உண்டு. இன்று தென்னாப்பிரிக்காவில் இது சட்டப் பாதுகாப்பு பெற்ற மரம்.

எந்த மரத்தடியில் நின்றாலும் மேலே பார்க்கும் அதே அளவு நேரம் கீழேயும் பாருங்கள். மரத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.