இராவணன் ஏன் விடவில்லை?

இராவணன் எதனால் அழிந்தான் என்று வினவினால், 'பிறன்மனை நயந்தமையால்' என்று மாணவர் ஒரே குரலில் விடையிறுப்பர். விடை பிழையன்று. ஆயினும், சீதையைக் கவர்ந்து வந்தமைக்கே அது காரணம் கூறும். தம்பியரும் பாட்டனும் மைந்தனும் மாறி மாறி எடுத்துரைத்த பின்னரும் அவளை விடாதிருந்தமைக்கு அது போதாது. கம்பர் யுத்த காண்டத்தில் விரித்துக் காட்டுவது இவ்விரண்டாவதனையே.

வீடணன் இரணியன் கதையை எச்சரிக்கையாகச் சொல்கிறான். வான்மீகத்தில் இல்லாத இப்படலத்தைக் கம்பர் ஈண்டு அமைத்தது வீணன்று. இராவணன் கதை முழுவதையும் கேட்கிறான். கேட்டபின், தந்தை மார்பு பிளவுண்ண மகிழ்ந்த பிரகலாதனும் நீயும் ஒப்பீர் என்று சினக்கிறான். அறிவுறுத்த வந்த கதையே, சொன்னவன் பகைவனுக்கு உறவானவன் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது! இத்தகைய உள்ளத்தின்முன் எத்துணைச் சான்று குவித்தென்ன? கும்பகருணனோ, செய்தது குலத்துக்கு இழிவு என அதே அவையில் இடித்துரைக்கிறான். உரைத்தவனே, இனி விட்டால் நாம் எளியராவோம், பொருது மடியினும் பழியன்று என்று முடிக்கிறான். தவற்றைத் தவறென்று கண்டவனையும் 'இனி' என்னும் சொல் கட்டிவிடுகிறது.

அறியாமையையும் காரணமாகக் கூற இயலாது. முதற்போரில் வெறுங்கையனாய் மீண்ட இராவணன், இராமனது வில்லாற்றலை மாலியவானிடம் தானே வியந்து பேசுகிறான். வானும் மண்ணும் நகும் என்பதற்கு அவன் நாணவில்லை. சானகி நகுவாளே என்றுதான் நாணிச் சாம்புகிறான். தோல்வியினும் அந்நகைப்பே அவனுக்குப் பெரிதாகிறது.

இந்திரசித்து, சீதைபால் வைத்த ஆசையை விடுக என வேண்டும் இடம் இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இறந்தோரையோ இருப்போரையோ உன்னையோ நம்பி இப்பகையைத் தேடவில்லை, என்னையே நோக்கித் தேடிக்கொண்டேன் என்பது தந்தையின் மறுமொழி. இராமன் பெயர் நிற்குமாயின் தோற்ற தன் பெயரும் உடன் நிற்கும் என்கிறான். உயிர் போயினும் சீதையை விடேன் என்பதும் அங்கு உண்டு. எனினும் அதற்குத் துணையாக அவன் சுட்டுவது அவளது அழகையன்று, தன் இருபது தோள்களையே. வேட்கையாய்த் தொடங்கியது, தான் யார் என்பதன் அடையாளமாகவே மாறிவிட்டது. இனி அவளை விடுவது தன்னையே விடுவதாகும்.

இதனை ஐயுறுவோர் மைந்தன் மாண்டபின் நிகழ்வதைக் காண்க. எவள் பொருட்டுப் போர் மூண்டதோ அவளையே வெட்ட இராவணன் வாளுடன் விரைகிறான். காதலே காரணமாயின் இவ்வாள் ஏன்? தடுப்பவன் மகோதரன். அவனோ ஆளறிந்து பேசுபவன். பெண்ணைக் கொன்றால் சிவனும் திருமாலும் பிரமனும் கைகொட்டி நகுவர், சிறியன் என்பர் என்கிறான். அறம் உரைத்தோர் சொல் ஏறாத செவியில் இச்சொல் ஏறுகிறது. வாளை நிலத்தில் இட்டு மீள்கிறான். அவளை அனுப்பிவிடலாம் என்னும் எண்ணம் அப்போதும் எழவில்லை.