முதல் நீர்க்குளிர்விப்புக் கணினிக்கு ஏற்ற கூலன்ட் எது?

நீரால் குளிர்விக்கப்படும் கணினியை முதன்முறையாகப் பூட்டுவோர், பிராசஸரின்மேல் பொருத்தப்படும் வாட்டர் பிளாக், வெப்பத்தைக் காற்றில் கலக்கும் ரேடியேட்டர், பம்ப் ஆகியவற்றை நுணுகி ஒப்பிட்டு வாங்கிய பின்னர், அவற்றுள் ஓடும் கூலன்டை மட்டும் நிறம் பார்த்தே எடுத்துவிடுகின்றனர். அமைப்பின் ஆயுள் பெரிதும் அத்திரவத்தைப் பொறுத்தது என்பதால் இது வருந்தத்தக்க வழக்கமாகும்.

குளிர்விக்கும் திறனில் கூலன்டுகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் ஓடும் நீர் 400 வாட் வெப்பத்தை ஏற்கும்போது, ஒரு சுற்றில் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 1.4 டிகிரி செல்சியஸ் மட்டுமே உயர்கிறது. கிளைக்கால் என்னும் சேர்மம் கலந்த கூலன்ட் அதே வெப்பத்துக்கு நீரைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடேறினும், அந்த வேறுபாடு ஒரு டிகிரியைக்கூட எட்டுவதில்லை.

உண்மையான வேறுபாடு வேதியியலில் உள்ளது. ஆவியாக்கிக் குளிர்வித்துப் பெறப்படும் வடிநீர் மலிவானது, வெப்பத்தை நன்கு ஏற்பது. எனினும் அதைத் தனியாக ஊற்றினால், வெளிச்சம் படும் குழாய்களில் நாளடைவில் பாசி படியவும், செம்பும் நிக்கல் பூச்சும் அரிக்கப்படவும் கூடும். ஆகவே உலோகத்தைக் காக்கும் அரிமானத் தடுப்பியும், பாசியையும் பாக்டீரியாவையும் ஒடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியும் இன்றியமையாதவை. வீட்டு ஆர்.ஓ. நீரில் உப்புகள் எஞ்சியிருப்பதால், அதை வடிநீருக்கு ஈடாகக் கொள்ளலாகாது. செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டர் இணையுமிடத்து, நீர் வழியே மின்கலம் போன்ற வினை நிகழ்ந்து அலுமினியம் கரைகிறது. தடுப்பி அதைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்தாது.

பால்போல் தோன்றும் பேஸ்டல் வகையிலும் மினுமினுக்கும் வகையிலும் நுண்துகள்கள் மிதக்கின்றன. பிளாக்கினுள் தகடுகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் மிகக் குறைவாதலால், துகள்கள் அங்கே படிந்து ஓட்டத்தை அடைக்க வல்லவை. மேஹெம்ஸ் நிறுவனத்தின் அரோரா என்னும் மினுமினுக்கும் கூலன்ட், காட்சிக்கு வைக்கும் கணினிகளை முன்னிட்டே விற்கப்பட்டது. அன்றாடப் பயன்பாட்டுக்கு அது பொருந்தாது.

கூலன்ட் கசிந்தாலும் மின்சாரம் கடத்தாது என்னும் விளம்பரத்தையும் முழுமையாக நம்பலாகாது. உலோகங்களிலிருந்து அயனிகள் கரையக் கரைய, எத்திரவமும் மின்கடத்தும் தன்மையைப் பெறுகிறது. பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துக் கசிவைச் சோதித்தல் அதனினும் உறுதியான காப்பு.

எனவே முதல் கணினிக்கு, அக்வா கம்ப்யூட்டரின் டபுள் புரொடெக்ட் அல்ட்ரா போன்று, தடுப்பிகள் முன்னரே கலக்கப்பட்ட நிறமற்ற கூலன்டே தக்க தேர்வு; வண்ணத்தை விளக்குகளால் பெறலாம். இரு நிறுவனங்களின் கூலன்டுகளை ஒன்றாகக் கலக்க வேண்டாம். சேர்மங்கள் வினைபுரிந்து கசடு உண்டாகக்கூடும்.